யாரும் திறக்காத கோப்பு

சாருலதாவை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். பொறாமையில் செய்தான் என்று பிறகு யாரும் கதை கட்டக் கூடாது.

ஹைதராபாத் சனத்நகரில் நாங்கள் செய்வது சின்ன வேலைதான். ரசாயன ஆலைகளில் இருக்கும் சென்சார்கள் வரிவரியாகத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரிகளைப் படித்து, விஷவாயு கசிந்தால் ஆலைச் சங்கை ஊதவைக்கும் பார்சர் என்ற நிரல் எங்களுடையது. அதை முழுக்கக் கையால் எழுதியவன் நான். என் இளமை அதில்தான் போனது.

பிறகு சாருலதா வந்தாள். வரிகள் எப்படி இருக்கும் என்று இலக்கண விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஒரு கருவி அதை வாங்கிக்கொண்டு முழுப் பார்சரையும் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் தானே எழுதித் தள்ளியது. "பிரசாத் சார், இனிமே நீங்க இதோட மாரடிக்க வேண்டாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

கருவி எழுதிய கோப்பை எங்களில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. விதிகளைச் சரிபார்ப்போம், அதோடு சரி. சோதனைகள் முடிந்தபின் பட்டான்செரு ஆலைக்கு அதைக் கொண்டுபோனவன் நான். போவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து, கசிவைச் சொல்லும் வரி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி மாற்றினேன்.

மறுநாள் கசிவு ஒத்திகை. மேலாளர் முன்னால் சங்கு ஊதாது, சாருலதா தலைகுனிவாள், என் பார்சர் திரும்பி வரும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்றுதான் நினைத்தேன்.

போனாலு பண்டிகைக்காக ஒத்திகையைத் தள்ளிவைத்தார்கள். வேலையை மட்டும் தள்ளிவைக்கவில்லை. நான் கிளம்பும்போது தொட்டி கழுவும் வெங்கட் வாசலில் நிறுத்தினார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"புது சிஸ்டமாமே சார்? நல்லா ஊதும்ல? அதை நம்பித்தான் உள்ள இறங்குறோம்."

"ஹவ், ஆமா, ஊதும்" என்றேன்.

அப்போதே திரும்பிப் போய்ச் சரிசெய்திருக்கலாம். செய்திருந்தால் சாருலதா ஜெயித்திருப்பாள்.

தொட்டியில் வாயு கசிந்தது. வெங்கட்டின் உடலை வெளியே தூக்கியபோதும் சங்கு ஊதவில்லை. சாருலதாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். என் பழைய பார்சரை மறுபடி மாட்டினார்கள். அவள்தான் விதிகளிலிருந்து கோப்பை மீண்டும் உருவாக்கி, ஆலையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து உங்களிடம் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. நான் மறுக்கவில்லை. மாற்றியது என் கைதான்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். என் பழைய பார்சர் இருந்திருந்தால் வெங்கட் இன்று உயிரோடு இருந்திருப்பார். படித்துப் படித்துச் சொன்னேன், யார் கேட்டார்கள்?