பின்கதவு வழி

மாலை ஐந்தரை. உகாயின் இடுப்பில் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போல வலி. நெமுரிசாவா ஸ்டேஷனுக்குப் போகும் ஒற்றைப் பாதையில் அவன் மட்டும். தோளில் மண்வாரி. விழுவது ஈரப்பனி... ஒரு வாரு வாரினால் அரை மூட்டை அரிசியின் கனம்.

நம்ம ஊர் இவாமியின் மச்சினன்தான் இந்த உகாய். அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த ஸ்டேஷனில் ஆள் கிடையாது. வண்டிக்கு இரண்டு பெட்டி. ஓட்டுநர் முன்கதவை மட்டும் திறப்பான், காசை வாங்கிக்கொண்டு இறக்கிவிடுவான். பனி வாரும் வேலையைக் கொடுத்தபோதே ஊர்ச்சங்கத் தலைவர் சொல்லியிருந்தார்: "பிளாட்பாரத்தோட கடைசி வரைக்கும் வாரணும். ஆள் இறங்காட்டியும் வாரணும்." உகாய் தலையாட்டினான். ஆனால் பதினோரு குளிர்காலமாக வாரியது முன்கதவு அகலம் மட்டும்.

ஆறு பன்னிரண்டுக்கு வண்டி வந்தது. காளான் கம்பெனி வேலை முடிந்து அவன் மனைவி சாயோ இறங்கினாள். ஓட்டுநர் தலையை நீட்டினான்.

"என்னண்ணே, இன்னிக்கும் ஒரு கதவுக்குத்தானா?"

"நீ திறக்கிறது ஒண்ணு, நான் வாருறது ஒண்ணு. பின்னாடி என்ன கல்யாண ஊர்வலமா இறங்குது?"

வண்டி போனது. திரும்பிப் பார்த்தால்... பிளாட்பாரத்தின் பின்கோடியில் குழி குழியாகக் காலடிகள். தொடை ஆழம். விளிம்பில் தொடங்கிக் காத்திருப்பு அறை வரை. உள்ளே ஆள் இல்லை. பெஞ்சில் மட்டும் யாரோ உட்கார்ந்த ஈரம். அழுகிய வைக்கோல் வாடை.

"வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சாயோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உகாய்க்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முன்னால் வாரிக் குவித்த பனி முழுவதையும் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்கோடியில் கொட்டினான். மார்பு உயரத்துக்கு மேடு.

"இப்ப இறங்கு, பாப்போம்."

மறுநாள். அதே வண்டி. முன்கதவு திறந்தது... சாயோ இறங்கவில்லை. பின்பெட்டி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி அசந்துட்டாங்க போல. இருங்க, எழுப்புறேன்" என்று ஓட்டுநர் எழுந்தான்.

புஸ்ஸ்ஸ்...

பின்கதவு திறந்தது.

"அண்ணே, நான் தொடல! சத்தியமா நான் தொடல!"

சாயோ எழுந்தாள். கண்கள் மூடியே இருந்தன. அவள் தோளுக்குப் பின்னால் வேறொரு தோள் தெரிந்தது. அவ்வளவுதான் உகாய் பார்த்தான். கதவைத் தாண்டி மேட்டுக்குள் காலை வைத்தாள். இடுப்பு... கழுத்து... தலை. சத்தமே இல்லை. பனி மூடிக்கொண்டது.

உகாய் இடுப்பு வலியை மறந்து ஓடினான். மண்வாரி அவளை வெட்டிவிடுமோ என்று அதை எறிந்துவிட்டுக் கையாலேயே தோண்டினான். ஓட்டுநரும் தோண்டினான். நகம் பிய்ந்து பனி சிவந்தது. சிமென்டுத் தரை தட்டுப்பட்டது. அவள் இல்லை.

அப்போது காத்திருப்பு அறையிலிருந்து ஓர் இருமல்.

சாயோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். உகாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் கை இரண்டும் தொங்கியபடியே கிடந்தன. அதே வைக்கோல் வாடை.

வீட்டில் சூடான சோறு வைத்தான். அவள் தொடவில்லை. கணப்பை மூடிய போர்வைக்குள் அவள் காலை எடுத்து விட்டால் போர்வை நனைந்தது. "சாயோ, ஏதாவது பேசு. திட்டவாவது செய்" என்று கெஞ்சினான்.

அவள் வாய் திறந்தது. வந்தது ஓர் ஆண்குரல், கரகரத்த குரல்.

"பதினோரு குளிர்காலம் என்னை இடுப்பளவு பனியில நடக்கவிட்ட. பதினொண்ணுக்கும் வாரு. முடிஞ்சதும் உன் பொண்டாட்டியத் தர்றேன்."

உகாய் இப்போது பிளாட்பாரத்தை முனையிலிருந்து முனை வரை வாருகிறான். வாரியபின் பின்கோடியில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறான். வீட்டில் சாயோவின் உடம்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கோடையிலும் பாய் ஈரம் காய்வதில்லை. டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

போன மார்ச்சோடு ஒரு குளிர்காலம் கழிந்தது. இன்னும் பத்து பாக்கி.