அம்மா கயிற்றில் பறந்தார்

மலேசியாவில், ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிளினிக்கில் போட்ட புதுக் கட்டு இடது மணிக்கட்டில் வெள்ளையாகத் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட வழுக்கி விழுந்தேன்னு சொல்லக்கூடாதா அம்மா? பறந்தேன்னா சொல்வாங்க?" என்றாள் மகள்.

"பறந்தேன்தானே. ஆத்துக்கு மேல கயிறு கட்டியிருந்தானுங்க, ஃபிளையிங் ஃபாக்ஸ்னு பேரு, பெல்ட்டுல தொங்கிட்டே அக்கரைக்குப் போகலாம். இறங்கும்போது கைய ஊனிட்டேன், அவ்ளோதான் லா."

"எங்களோட வந்தா படி இறங்கவே பயப்படுறீங்க. கூட்டாளிங்களோட போனா மட்டும் எங்கேருந்து தைரியம் வருது?"

"நீங்க மெதுவா, மெதுவான்னே சொல்றீங்க. அவளுங்க கைதட்டினாளுங்க."

"இதுக்குத்தானே தம்பியத் திட்டுனீங்க? தனியா மோட்டர் ஓட்டுனா ஒழுங்கா போறான், கூட்டாளி பின்னால உக்காந்தா பறக்குறான்னு!"

"அவனுக்குப் பதினேழு வயசு, யோசிக்க மாட்டான். நான் பெல்ட்ட இழுத்துப் பாத்துட்டுத்தான் குதிச்சேன். பதினேழு வயசுல நான் எங்க குதிச்சேன்? விடிஞ்சா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டணும், வீட்டுக்கு வந்தா தம்பி தங்கச்சிங்க. கைதட்ட யாரு இருந்தா?"

மகள் கொஞ்சம் தணிந்தாள். "அடுத்த மாசமும் உங்க கூட்டாளிங்க போறாங்களாம். நீங்க போகக்கூடாது."

"பேரு குடுத்தாச்சு."

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே செம்பனை மரங்கள் ஓடின. அவற்றைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மேலேருந்து ஆறு எப்படிமா இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். இந்தத் தடவ தொறந்து பாக்கணும்."