அளவுக்குக் கொண்டுபோன ஹார்ட் டிஸ்க்

“அளவு ஜாக்கெட் கொண்டுபோற மாதிரி இதையா கழட்டிக் கொண்டுபோவாங்க?”

ஏரல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் இப்படிக் கேட்டதும், நான் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் மடியில், துண்டில் பொதிந்து, லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் இருந்தது.

“லேப்டாப் வேகமா ஓடணும், இதே அளவுக்குப் புது எஸ்எஸ்டி டிஸ்க் குடுங்கன்னு கம்ப்யூட்டர் கடையில கேட்டேன். வேற எப்படிக் கேக்கச் சொல்லுத?”

“நான் துணிக்கடையில இருந்து வாரதுக்குள்ள, பொருந்தலைன்னுதான வெறுங்கையோட வந்து நிக்கீய?”

“பொருந்துச்சு. கடைக்காரரு பக்கத்துல வச்சே பாத்துட்டாரு.”

“பொருந்துச்சா? பொறவு ஏன் வாங்கல?”

அவர் துண்டின் நுனியை இழுத்து டிஸ்கை நன்றாக மூடினார்.

“பழசுல உள்ளதப் புதுசுல ஏத்தணுமாம். வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்லுதாரு.”

“வச்சிட்டு வர வேண்டியதுதான?”

“ஏட்டி, நான் துபாய்ல இருந்தப்ப நீ அனுப்புன வீடியோ பூராவும் இதுலதான் கிடக்கு. முன்னப்பின்ன தெரியாத எடத்துல எப்படி விட்டுட்டு வர?”

“என்னத்த பெரிய வீடியோ! மீன் குழம்பு வைக்கச் சொல்லிக் குடுத்திருப்பேன். மத்ததெல்லாம் ஒங்கள ஏசுனதுதான.”

“அதத்தான் சொல்லுதேன்.”

அவள் துண்டோடு அந்த டிஸ்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நானும் வாரேன். அவரு ஏத்தி முடிக்கிற வரைக்கும் அங்கனயே இருப்போம்.”

“ஏசுனதையும் ஏத்தச் சொல்லவா?”

“அதத்தான் மொதல்ல ஏத்தணும். இல்லன்னா ஒங்களுக்கு மறந்துரும்லா.”