நூடிலின் தீப்புண்

பாம்பு வளர்ப்பதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, உறையவைத்த எலிக்குஞ்சு ஒன்றைச் சுடுதண்ணீரில் இளகவைத்துப் போட்டால் போதும். குரைக்காது, சோபாவைப் பிறாண்டாது. மொழிபெயர்க்க வந்திருக்கும் பெர்னடெற் என்ற இந்தப் பிள்ளை இதை அப்படியே அந்த மிருகவதைத் தடுப்பு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். மிருகங்களை வதைக்கும் ஒருத்தியைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அப்படியானவள் இல்லை.

நூடில் என் மகள் மயூராவின் பாம்பு. செம்மஞ்சள் நிறம், நஞ்சில்லாதது. வேலை கிடைத்து அவள் ஸ்ட்ரெதமுக்குக் குடிபோனபோது, அந்த வீட்டுக்காரன் பிராணிகள் கூடாது என்றுவிட்டான். கண்ணாடித் தொட்டியோடு ஹரோவில் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். என் கணவர் அதற்கு முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். ஆக, வீட்டில் நானும் பாம்பும்.

ஹரோவிலிருந்து ஸ்ட்ரெதம் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை, இரண்டும் லண்டனுக்குள்தான். ஆனாலும் அவள் வருவதில்லை. தலைசுற்றுகிறது என்று ஒருநாள் போன் எடுத்தேன்.

"டொக்டரிட்டப் போங்கோ அம்மா. நான் மீட்டிங்கில நிக்கிறன்," என்றாள்.

முழங்கால் வீங்கியபோதும் அதே பதில்தான்.

2006 குளிர்காலத்தில், பாம்புக்குக் கதகதப்பாக இருக்கத் தொட்டிக்கு அடியில் விரித்திருந்த மின்சாரச் சூட்டுப் பாய் பழுதாகி நூடிலின் வயிறு வெந்துபோனது. அது என் பிழையில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போனில் சொல்லி முடிக்கவில்லை, "வாறன்," என்றாள் மயூரா. பொழுது சாய முதல் வாசலில் நின்றாள்.

மறுநாள் நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பக்கத்து மிருக வைத்தியசாலையில் நாய், பூனை, மிஞ்சினால் முயல். பாம்பு என்றதும் வரவேற்பறைப் பெண் கதிரையைப் பின்னால் தள்ளினாள். இன்னொரு இடத்தில் போனில் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டு, ஊர்வன பார்ப்பவர் விடுமுறையில் என்றார்கள். அவர்கள் காட்டிய இடம், எங்களை முதல் இடத்துக்கே திருப்பியனுப்பியது. மெற்றோபொலிற்றன் லைனில் திருத்தவேலை, ரயிலும் இல்லை. அதற்குப் பதிலாக விட்ட பஸ்ஸில், தலையணையுறைக்குள் போட்டு முடிச்சிட்ட பாம்பை என் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு போனேன். மிருகங்களுக்காக உயிரை விடும் நாடு என்பார்கள். காலில்லாத ஒன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்.

பஸ்ஸில் மயூரா அழுதாள். "நீங்கள் இல்லாட்டி எனக்கு ஏலாது அம்மா," என்று என் தோளில் சாய்ந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை.

கடைசியில் பார்க்கிங் என்ற ஊரில், லண்டனின் மறு அந்தத்தில், ஒரு பெண் வைத்தியர் அகப்பட்டார். புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, களிம்பு தந்தார். தொட்டியிலிருந்த மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரிக்கச் சொன்னார். மயூரா லீவு போட்டு என்னோடு நின்றாள். நான் நூடிலைப் பிடிக்க, அவள் களிம்பு பூசுவாள். இரவில் புட்டு அவித்தேன். டிவி பார்த்துச் சேர்ந்து சிரித்தோம். பிறகு நூடில் தோல் கழற்றியது. அடியில் புதுத் தோல் பளபளத்தது. மயூரா கைதட்டினாள். எனக்கு விசர் பிடித்தது, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஞாயிறே அவள் போய்விட்டாள். திரும்பவும் மீட்டிங், திரும்பவும் டொக்டரிட்டப் போங்கோ.

நான் பொறுத்துத்தான் பார்த்தேன். பிறகு, மாற்றிப் பூட்டியிருந்த பாயின் சூட்டை அளக்கும் வயரைத் தொட்டிக்கு வெளியே எடுத்து வைத்தேன். அது வெளிக் குளிரை அளக்க, பாய் சூடேறிக்கொண்டே போனது. அவ்வளவுதான். நூடிலை நான் தொடவேயில்லை. மயூரா வந்தாள்.

வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? சூடு மிஞ்சினால் தானாக அணையும் புதுப் பாய் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டுப் போனாள். என் நிலைமையை அவள் ஒருகணமும் யோசிக்கவில்லை.

அதனால்தான் இஸ்திரிப்பெட்டியை எடுக்க வேண்டி வந்தது. பட்டுச் சேலைக்கு வைக்கும் சூட்டில்தான் வைத்தேன். பருத்திக்கு வைப்பதில் இல்லை. பாம்பு கத்தாது. என் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. என்னை நம்பித்தான் சுற்றியது என்று நினைக்கிறேன். உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன், களிம்பு பூசினேன், பிறகுதான் போன் எடுத்தேன்.

பார்க்கிங் வைத்தியர் இந்தமுறை புண்ணை நெடுநேரம் பார்த்தார். பாயில் வெந்த புண்ணுக்கு இப்படிக் கூரான முனை எப்படி வரும் என்று மயூராவிடம் கேட்டார். மயூராவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைவிட அம்மாதான் அதை நன்றாகப் பார்க்கிறவர் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நூடில் அந்த மேசையிலேயே செத்துப்போனது. வைத்தியர் உங்களுக்கு அறிவித்திருக்கிறார். அது அவருடைய கடமை. நான் குறை சொல்லவில்லை.

தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். கை கழுவும்போதுதான் மயூரா சொன்னாள், தான் பிள்ளைத்தாச்சி என்று.

"வேலைக்குத் திரும்பினாப் பிறகு பிள்ளையை உங்களிட்டத்தான் விடப்போறன் அம்மா. நூடிலை நீங்கள் பாத்த மாதிரி வேற ஆர் பாப்பினம்?"

இனி மிருகம் எதுவும் வளர்க்கக் கூடாது என்கிறார் அதிகாரி. வளர்க்க மாட்டேன். எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள்.

பெர்னடெற் பிள்ளை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அன்ரி, மயூராவுக்கு இது தெரியுமோ?" என்று மெல்லக் கேட்கிறாள்.

தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? பேரப்பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒருவரும் கவலைப்படத் தேவையில்லை. மயூரா ஒழுங்காக வந்து, என்னோடு இருந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போனால், பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது.