கடைசியாக வருகிறவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கண் மருத்துவர் அம்மா அவர்களே, தமது காபிக்கடையின் மாடியை நமக்காகத் திறந்துவிட்டுக் கீழே இயந்திரத்தையும் நிறுத்திவைத்திருக்கும் கடைக்காரர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, ஹெல்மெட்டைக் கைக்குழந்தை போல் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் என் சக வண்டிக்காரர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். இந்தத் தாளில் பிழை திருத்தியது என் மகள். திருத்திவிட்டு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"அப்பா, 'எப்பவும் கடைசியா வர்றவர் இப்ப முந்திக்கிட்டார்'னு மட்டும் பேசிடாதீங்க. எல்லாரும் அதத்தான் பேசுவாங்க."

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதையே பேசிவிட்டார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டேன். அதோடு என் உரையில் பாதி போயிற்று. மீதியைக் கேளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் தொழிலாளி. நமது சங்கத்தின் தலைவர். நாம் எல்லோரும் 'வால் அண்ணன்' என்று அழைத்த பெருந்தகை. தலைவருக்கு வால் என்று பெயர் வைத்த சங்கம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்!

நம் வழக்கம் தெரியாத உறவினர்களும் வந்திருப்பதால் சொல்கிறேன். இந்தச் சாலையில் தொடங்கி மலைச்சாலை முடிகிற வரைக்கும் பதினொரு காபிக்கடைகள். ஒவ்வொன்றிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. காபி குடிக்க வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கண்ணாடிகளை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முப்பது வண்டிகளில் கிளம்பி, கடை கடையாக நின்று, பெட்டிகளைப் பையில் கவிழ்த்துக்கொண்டு, கடைசியில் அம்மாவின் கண் மருத்துவமனை முற்றத்துக்குப் போய்ச் சேருவோம். அங்கே கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்கள் காத்திருப்பார்கள். வால் அண்ணன் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்து, அளவு பார்த்து, யார் கண்ணுக்கு எது பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பார். இவ்வளவுதான் எங்கள் தர்மம். வழியில் பதினொரு காபி குடிப்பது அதில் சேராது.

முப்பது வண்டி ஒன்றாகப் போக முடியாது. ஆகவே ஒரு விதி உண்டு. சாலை பிரிகிற ஒவ்வொரு முக்கிலும் ஒருவர் இறங்கி, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதுவரைக்கும்? ஆரஞ்சு மேலங்கி போட்ட கடைசி வண்டி வருகிறவரைக்கும். அந்தக் கடைசி வண்டிதான் வால் அண்ணன். தலைவர் முன்னால் போக வேண்டும் என்று எத்தனை பேர் சொன்னோம்! கேட்டாரா? நம்மில் மிக மெதுவாகப் போகிறவரைவிட இன்னும் மெதுவாக வருவார். முக்கில் நிற்கிறவர் பக்கத்தில் வந்ததும் இரண்டு விரலால் ஹெல்மெட்டைத் தொட்டு, "கிளம்பலாம், நான் வந்துட்டேன்" என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் யாரும் முக்கை விட்டு நகரக் கூடாது.

நகர்ந்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் இப்போது உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அது முதல் பயணம். ஏழாவது கடைக்கு முன்னால், ஏரிச்சாலையும் மலைச்சாலையும் பிரிகிற முக்கில் என்னை நிறுத்தினார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு யாருமில்லை. சில்லென்று காற்று. அடுத்த கடையில் காபி வறுக்கும் வாசனை கையைப் பிடித்து இழுக்கிறது. அந்த நேரம் ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவர் மெதுவாக வண்டியில் என்னைக் கடந்தார். நான் விறைப்பாக நின்று கையை உயர்த்தினேன். அவரும் கையை ஆட்டினார். வேலை முடிந்தது என்று நான் கிளம்பிவிட்டேன்.

அவர் சாலை போடுகிற தொழிலாளி, அன்பர்களே! வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பாவம், யாரோ நமக்கு மரியாதை செய்கிறானே என்று கையை ஆட்டியிருக்கிறார்.

எனக்குப் பின்னால் வந்த நான்கு வண்டிகளும் வால் அண்ணனும் முக்கில் ஆள் இல்லாமல் நேராக ஏரிச்சாலையில் போய்விட்டார்கள். பாதிக் கண்ணாடிகள் அவர்கள் பையில். அவர்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. காத்திருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் எந்தச் சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் என்னிடம் வந்தார். திட்டினாரா? முறைத்தாரா?

"அந்த ஏரிய நீங்க பாக்கலையே" என்றார். "தண்ணி அசையவே இல்ல. வானம் அப்படியே கீழ படுத்திருந்துச்சு. வண்டிய அணைச்சுட்டு நின்னோம். பைக்குள்ள கண்ணாடிங்க மட்டும் சிணுங்கிட்டு இருந்துச்சு. வழி தப்பாம இருந்தா நான் அத எப்பங்க பாக்கப் போறேன்?"

முற்றத்து பெஞ்சில் ஒரே ஒருவர் மிச்சமிருந்தார். தையல் வேலை செய்யும் அக்கா. இதோ, பின்வரிசையில் இருக்கிறார். இவ்வளவு நேரமாகக் காத்திருந்தீர்களா என்று அண்ணன் கேட்டதற்கு, "ஊசியில நூல் கோக்க முடியாம ஆறு மாசமா உக்காந்திருக்கேன், ஆறு மணி நேரம் உக்கார மாட்டேனா?" என்றார். நாலாவதாக மாட்டிய கண்ணாடி பொருந்தியது. அக்கா முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, சாய்கிற வெளிச்சத்தில் பிடித்து, ஒரே குத்தில் நூலைக் கோத்தார். பிறகு அக்கா கேட்டார், "ஏன் இவ்வளவு தாமதம்?" இருபத்தொன்பது கைகள் என்னைக் காட்டின. நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவருக்குல்ல மொதல்ல கண்ணாடி குடுத்திருக்கணும்!"

மறுவாரம் முழுக்க அண்ணன் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, திரும்பிப் போனவர்களின் வீடு வீடாகப் போய்க் கண்ணாடி கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அக்காவும் சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்குப் புது ஆரஞ்சு மேலங்கி தைத்து, முன்னும் பின்னும் வெள்ளை நூலில் பெரிய மூக்குக்கண்ணாடி ஒன்று போட்டுக் கொடுத்தார். நமது சங்கத்தின் சின்னம் அது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. ஒரே ஒரு முட்டாள் மறுபடி ஏமாறக் கூடாது என்பதற்காகப் போட்ட அடையாளம்!

அடுத்த ஆண்டு அந்த முக்கில் யாரை நிறுத்துவது என்ற பேச்சு வந்தது. "இவர மட்டும் வேணாம்" என்றார்கள் எல்லோரும். நானும் அதையேதான் சொன்னேன். அண்ணன் சொன்னார், "அதே முக்கு. இவரே நிக்கட்டும்."

அன்று பனி. அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. கையை நீட்டினால் முழங்கைக்கு அந்தப் பக்கம் கை இல்லை. வண்டிகள் வருகிற சத்தம் கேட்கும், மங்கலாக ஒரு வெளிச்சம் கரைந்து போகும், அவ்வளவுதான். பிறகு அதுவும் நின்றது. என் வண்டியின் சூடு இறங்குகிற டிக், டிக் மட்டும். அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. சாலை இருக்கிறதா, நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பனி கிட்டே வந்தது. இன்னொன்றை மாட்டினேன். பனி தள்ளிப் போய், பாலில் நிற்பது போல ஒரு மரம் தெரிந்தது. யார் யாரோ படித்த, யார் யாரோ அழுத கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பனி. எத்தனை பேர் கண்ணால் பார்த்தேன் என்று தெரியாது. கையை மட்டும் இறக்கவில்லை.

கடைசியில் ஒரு வெளிச்சம் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வந்தது. அதன் பின்னால், ஆரஞ்சு நிறத்தின் மேல் வெள்ளை நூலில் தைத்த கண்ணாடி ஒன்று காற்றில் மிதந்து வந்தது. அதற்குப் பிறகுதான் மனிதர் தெரிந்தார்.

"கிளம்பலாம், நான் வந்துட்டேன்."

"ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றேன்.

"வழியில ஒரு பெரியவர் ஓடி வந்து நிறுத்தினார். இறந்துபோன சம்சாரத்தோட கண்ணாடி. குடுத்துட்டாரு, ஆனா கைய விட மாட்டேங்கறாரு. உக்காந்து அந்தம்மா கதைய முழுசாக் கேட்டேன். அப்புறம் விட்டுட்டாரு. கண்ணாடிய மட்டும் வாங்கிட்டு ஓடி வந்தா நல்லாவா இருக்கும்?" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "அது சரி, நீங்க ஏன் பொம்பளைங்க கண்ணாடியப் போட்டுட்டு நிக்கிறீங்க?"

அன்பர்களே, என்னை நம்பி யாரும் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. என் வீட்டில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளக்கூட என்னை விடமாட்டார்கள். தப்பு செய்த அதே இடத்தில் என்னை மறுபடி நிறுத்திய ஒரே மனிதர் அவர்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதை என் மகள் திருத்தவில்லை.

மருத்துவமனையில் கடைசி மூன்று நாட்கள், சன்னலோரக் கட்டிலில் அண்ணன் பாதித் தூக்கத்தில் இருந்தார். போர்வை மேல் இடது கை கிளட்ச் பிடிப்பது போல மூடித் திறக்கும். "ரோடு நல்லா இருக்கு" என்பார். "முக்குல யாரோ நிக்கிறாங்க, மூஞ்சி தெரியல" என்பார். பிறகு கண்ணைத் திறந்து என்னைக் கேட்பார், "இந்த வருஷம் கடைசியில யாருங்க வர்றது?"

முதல் நாள், "மொதல்ல மாத்திரையப் போடுங்கண்ணே" என்றேன். இரண்டாம் நாள், "நீங்களே வந்துடுவீங்க, மெதுவாத்தானே வரணும்" என்று சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பும் வரவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

"அவர் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையேப்பா" என்றாள் மகள். ஏன் சொல்லவில்லை? 'நான்' என்று சொன்னால் சங்கமே சிரிக்கும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. 'நான்' என்று சொல்லிவிட்டால், அவர் இனி வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முந்தாநாள் சங்கக் கூட்டத்திலும் அதே கேள்விதான். "ஒரு வருஷம் விட்டுடலாமே" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் பதினொரு பெட்டிகளும் நிரம்பிவிட்டன. முற்றத்து பெஞ்சில் இந்த ஞாயிறு ஆட்கள் வந்து உட்காரத்தான் போகிறார்கள். விடலாமா? விட முடியுமா?

நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன். உள்ளே போய், துவைத்து மடித்த அந்த மேலங்கியைக் கொண்டுவந்தார்கள். என் தோளில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இது பத்தாதே. தையல் அக்காகிட்ட குடுத்து ரெண்டு பக்கமும் பிரிச்சு வாங்கிக்குங்க."

அக்கா இன்று காலை வேலையை முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் நான்கு நான்கு விரல் துணி சேர்த்திருக்கிறார். மூன்று போதும் என்றேன். பதினொரு காபிக்கும் பன்னுக்கும் சேர்த்துத்தான் என்றார்.

இதோ போட்டுக்கொள்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அண்ணனும் சிரித்திருப்பார்.

வண்டிக்காரர்களே! ஞாயிறு காலை ஆறு மணிக்கு, இந்தக் கடை வாசலிலிருந்து கிளம்புகிறோம். உங்கள் முக்குகளில் நில்லுங்கள். பனி இருக்கலாம். நான் தாமதமாகலாம், வழியில் யாராவது கதை சொன்னால் கேட்டுவிட்டுத்தான் வருவேன். கையை இறக்காதீர்கள். கண்டிப்பாக வருவேன். இந்த மேடையில், அண்ணி முன்னிலையில் இது என் வாக்கு.

மாலை போட்டிருக்கும் அண்ணனின் இந்தப் படத்தைப் பார்த்து இன்னும் ஒரே ஒரு வரி சொல்லி முடிக்கிறேன். மூன்று நாள் தாமதமாக அல்ல, ஒரு வாரம் தாமதமாக வருகிற பதில் இது. அதுவரைக்கும் அவர் எங்கேயோ ஒரு முக்கில், பனியில், கையை நீட்டிக்கொண்டு எனக்காக நின்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. விதி அப்படி. அவர் விதியை மீறுகிறவர் அல்ல.

அண்ணே, கிளம்பலாம். நான் வந்துட்டேன்.