வரிசை முடியட்டும்

கம்பளி நூலைக் கடை விளக்கில் பார்த்து வாங்கக் கூடாது. வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்குள் சாம்பலாகத் தெரிவது வீட்டுக்கு வந்ததும் பச்சையாகிவிடும். இது தெரியாமல் நான் வாங்கிய நூல் மட்டுமே அலமாரிக்கு மேல் இரண்டு பை இருக்கிறது. வீட்டைச் சோதனை போட்டபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பிடிக்காத நிறத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் காவலர் கேட்டார். என்றைக்காவது எதற்காவது ஆகும் என்றேன். நூல் சேர்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நடந்ததை நானே எழுதித் தர அனுமதித்ததற்கு நன்றி. பேசச் சொன்னால் எனக்கு முன்னது பின்னதாகிவிடும். ஓய்வு பெறும்வரை குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருந்தேன். குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருப்பார். கோபத்துக்குப் பதில் எழுதாதே, விஷயத்துக்கு எழுது என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பின்னலை ஆரம்பித்தது அலுவலகத்தில்தான். பக்கத்து மேசைக்காரிக்குக் குழந்தை பிறந்தது. எல்லாரும் பொம்மை வாங்கினார்கள். நான் ஒரு குல்லா பின்னினேன். அது குழந்தையின் தலைக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுப் பால் குக்கருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. பிரித்தேன், மறுபடி பின்னினேன். இரண்டாவது குல்லா குழந்தைக்குச் சரியாக இருந்தது. அதற்குள் குழந்தைக்கு முடி வளர்ந்து, குல்லா தேவைப்படாமல் போயிருந்தது.

அப்புறம் மப்ளர், அப்புறம் கையுறை. இடது கைக்கே இரண்டு கையுறை பின்னியதுண்டு. நூல் மட்டும் பின்னலைவிட வேகமாக வளர்ந்தது. ஒரு ஸ்வெட்டருக்கு நூல் வாங்கப் போவேன், கூடவே இன்னொரு ஸ்வெட்டருக்கும் வாங்கி வருவேன். நூல் கையில் இருந்தால் அந்த ஸ்வெட்டரைப் பின்னுவதற்கான நாட்களும் கையில் இருப்பதுபோல் ஒரு தெம்பு. நூல்கடைக்காரர் தங்கமான மனிதர். "மேடம், பூகம்பம் வந்தா எல்லாரும் மேசைக்கு அடியில போவாங்க. நீங்க இருக்கிற இடத்துலயே விழலாம், மெத்துனு இருக்கும்" என்பார்.

இனி அக்கா.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆனது, பிள்ளை இல்லை. அத்தான் காலமான பிறகு அவள் என்னிடம் வந்துவிட்டாள். நுரையீரல் பலவீனம், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. வீட்டில் இரண்டு அறை. வெளிச்சமான அறையை அவளுக்குக் கொடுத்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

அக்கா கெட்டவள் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். என்னைக் கம்பளிப்பூச்சி என்று கூப்பிடுவாள். "ஏ கம்பளிப்பூச்சி, ஜன்னலைச் சாத்து." "கம்பளிப்பூச்சி, அந்தத் தலகாணியைக் கொஞ்சம் தூக்கி வை." சாத்தினால் புழுங்கும், மறுபடி திறக்க வேண்டும். அவள் கேட்டது எதுவும் பெரிய விஷயம் இல்லை. மலையைக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். தண்ணீர் கேட்கிறவளிடம் என்ன சொல்வது?

பின்னல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசியில் வரிசையாக நிற்கும் வளையங்களுக்குக் கண்ணி என்று பெயர். எண்ணிக்கொண்டே பின்ன வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும். ஒரு கண்ணி நழுவினால் அது கீழே ஓடிக்கொண்டே போகும். என் நீல ஸ்வெட்டரில் தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கிறது. அது அக்கா வெந்நீர் கேட்டது. முதுகில் வடிவம் கோணிப்போயிருப்பது அவள் போர்வையை உதறச் சொன்னது. அந்த ஸ்வெட்டரை யாரும் போட்டுக்கொள்ளலாம், குளிருக்கு ஒரு குறையும் இல்லை. என்னால்தான் அதைப் பார்க்க முடியாது.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வரிசையின் நடுவில் எழுந்திருப்பதில்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பின்னல் போடுகிற யாரைக் கேட்டாலும் வரிசையை முடித்துவிட்டு வை என்றுதான் சொல்வார்கள். நடுவில் வைத்தால் நூல் இறுக்கம் மாறிவிடும்.

"வரிசை முடிச்சிட்டு வரேன்க்கா."

"முடிச்சிட்டு வா, முடிச்சிட்டு வா. சினிமா டிக்கெட் வரிசைகூட நகரும்டி, உன் வரிசை நகராது போல" என்பாள். சிரிப்பாள், சிரித்தால் இருமுவாள். நான் முடித்துவிட்டுப் போவேன். அப்போது மப்ளர் காலம். மப்ளரின் வரிசை ஒரு சாண் அகலம்கூட வராது. பால் பொங்கி வழிவதற்குள் முடிந்துவிடும்.

மப்ளருக்குப் பிறகு ஸ்வெட்டரின் முதுகு. அதற்குப் பிறகு சால்வை. பிறகு இரட்டைக் கட்டிலுக்கான விரிப்பு. வீட்டில் இரட்டைக் கட்டில் கிடையாது என்று உங்கள் காவலர் சரியாகவே கவனித்தார். பின்னல் கற்றவர்கள் பெரிய வேலைக்குப் போவது இயல்புதான். விரிப்பின் வரிசை நீளமானது. அக்கா அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டாள். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் கேட்டாள். குளியலறைக்குப் போக வேண்டும் என்று தோன்றுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே குரல் கொடுத்துவைத்தாள். சில நாள் அந்தக் கணக்கு தப்பும். அப்போது நான்தான் அவள் படுக்கைத் துணியைத் துவைத்தேன், முகம் சுளிக்காமல்.

குரல் எழும்பாதபோது எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். அதற்கும் பழகிவிட்டேன். அந்தத் தாளத்துக்குக் கண்ணி நன்றாக விழும்.

மூச்சுத் திணறும்போது மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க ஒரு மிஷின் உண்டு. முதலில் அது அக்காவின் தலைமாட்டு மேசையில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். என் அறை நிரம்பியபின் சில நூல் பைகளை அந்த மேசையில் வைக்க வேண்டி வந்தது. மிஷினைத் தற்காலிகமாகக் கூடத்துக்கு மாற்றினேன்.

"அது எனக்கு எட்டாதேடி."

"நான்தான் இருக்கேனேக்கா."

"அதான் பயம்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

டாக்டர் வந்தார். அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், மேசைமேல், ஜன்னல் விளிம்பில் எல்லாம் பைகள். ஒரு பையைத் தட்டினார். வெயில் விழுந்த இடத்தில் இழைத்தூசி மிதந்தது.

"இவங்க இதையெல்லாமா மூச்சுல இழுத்துக்கிட்டு இருக்காங்க? முதல்ல இதை வெளிய எடுங்கம்மா. இந்த நூல் இருக்கிற வரைக்கும் என் மருந்து சும்மா."

அவர் போனதும் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

"இந்த ரூம்ல இருக்கிறது மட்டும் இல்லடி, வீட்டுல இருக்கிறது மொத்தமும் போகட்டும். எடுத்தா உன் ரூமுக்குப் போகும், அங்கருந்து திரும்ப இங்கதான் வரும். எனக்குத் தெரியாதா உன்னை? நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைப்படறேன். தப்பா?"

"தப்பில்லக்கா."

"கடைக்காரர்கிட்ட நானே போன்ல பேசறேன். வந்து அள்ளிக்கிட்டுப் போகட்டும். கையில ஊசியில இருக்கிறதை மட்டும் வச்சுக்கோ."

என் எதிரிலேயே பேசினாள். மறுநாள் காலை வருவதாக அவர் சொன்னார். சரி என்று நானும் தலையாட்டினேன். எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் பலமுறை கேட்டீர்கள். இல்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. கோபம் வர உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எதை எடுத்து உட்கார்ந்தாலும் யாராவது கூப்பிடுவார்கள். எழுந்துபோய்த் திரும்பி வந்தால் எடுத்தது விட்ட இடத்தில் இருக்காது. என் நாட்கள் அப்படியே போயின. அந்தப் பைகளில் இருந்ததெல்லாம் இனிமேல் நான் உட்கார வேண்டிய நாட்கள். அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னாள். கொஞ்ச நாள் இருக்க ஆசை என்று அவள் சொன்னாளே, எனக்கும் அதே ஆசைதான்.

அன்று சாயங்காலம் பைகளைக் கட்டி வைக்க உட்கார்ந்தேன். ஒரு பையில் தவிட்டு நிற நூல், வாங்கியதிலிருந்து தொடாதது. போவதற்கு முன் ஒரு உருண்டையையாவது பின்னிப் பார்க்கலாம் என்று தோன்றியது. விரிப்பு நேர் ஊசியில் பாதியில் நின்றது. அதை எடுக்கவில்லை. வட்ட ஊசியை எடுத்தேன்.

வட்ட ஊசி என்பது மெல்லிய கம்பியால் இணைத்த இரண்டு ஊசி. கண்ணிகளை ஏற்றி இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால், பின்னலைத் திருப்பவே வேண்டாம். குழாய்போல் சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும். சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரிவதற்காக ஊசியில் ஒரு சின்ன வளையத்தை மாட்டிக்கொள்வோம். கை அந்த வளையத்துக்கு வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம், அங்கே நிறுத்தலாம். வளையங்கள் என் டப்பாவில் நிறைய இருந்தன. டப்பா திறந்துதான் இருந்தது. அன்றைக்கு நான் மாட்டவில்லை.

எதிர்க் கட்டிடத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரம், அக்கா கூப்பிட்டாள்.

"கம்பளிப்பூச்சி... மிஷின் வேணும்."

"வரிசை முடிச்சிட்டு வரேன்க்கா."

இருமினாள். டம்ளரைத் தட்டினாள். நூல் நன்றாக ஓடியது; அந்தத் தவிட்டு நிறம் விளக்கிலும் மாறாத நிறம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு பேசுகிறவளின் குரல்போல இருந்தது.

"முடிஞ்சுதாடி?"

"இன்னும் இல்லக்கா."

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அப்புறம் டம்ளர் மட்டும் தட்டியது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. கீழே விழுந்து உருண்டது. உருண்டை தீரும்வரை பின்னினேன். நூல் தீர்ந்தபோது கை நின்றது, எழுந்து போனேன். அவள் கட்டிலை விட்டு இறங்கியிருந்தாள். கூடத்தை நோக்கிக் கிளம்பி, பைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டிருந்தாள். மூச்சு இல்லை. அவள் கண்களை மூடி, முடியைக் கோதிவிட்டு, டாக்டருக்குப் போன் செய்தேன். அந்தப் பின்னலை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள், அதில் ஒரு கண்ணிகூட நழுவவில்லை.

காலையில் கடைக்காரர் வண்டியோடு வந்தார். "சரக்கு திரும்பி வர்றதை என் வாழ்க்கையில இன்னைக்குத்தான் பாக்கறேன் மேடம்" என்று படியேறும்போதே சொன்னார். பாவம், அவருக்குத் தெரியாது.

"அக்கா தவறிட்டாங்க. இனிமே நூலை எடுக்க வேண்டியதில்ல. நீங்க போகலாம்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். சொன்னேன். அவரை வீணாக நிற்க வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் துக்கம் கேட்க வந்தபோது, "நேத்து சாயங்காலம் மேல யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்களேம்மா, நீங்க வீட்டுல இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இருந்தேன் என்றேன். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, அக்கா மிஷினைக் கேட்டது எனக்குக் கேட்டது. எழுந்தால் ஏழெட்டு அடி தூரம். வட்ட ஊசிக்கு முடிவு கிடையாது என்று தெரிந்தேதான் அதை எடுத்தேன். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று உங்கள் காவலர் வராந்தாவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவர் என்னோடு பழகியதில்லை. இங்கே சாப்பிடக் கூப்பிட்டால் முதல் குரலிலேயே எழுந்து போகிறேன், அவரையே கேளுங்கள். ஒருவரைக் காக்க வைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.