செர்வா அம்மாவின் டிவிடி

டிவிடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தும்மக் கூடாது, இன்ஸ்பெக்டர் அம்மா. என் தொழிலில் பாதி நோய் அப்படித்தான் வருகிறது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் குமாசி நகரம் முழுக்க என்னைத் தேடி வருவார்கள். கடைப் பலகையில் 'டிவிடி டாக்டர் அட்டகோரா' என்று நானே எழுதிக்கொண்டேன். பட்டம் கொடுக்க வேறு யாரும் முன்வரவில்லை.

செர்வா அம்மா சந்தை நெரிசலில் ஒரு நாள் காலை வந்தார். கூடவே இறந்துபோன கணவரின் அக்காள் மகன் போவாஹென். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதனால் டிவிடி உறையின் மேல் இருவர் கையும் இருந்தது. எங்கள் வழக்கத்தில் சொத்து அக்காள் மகனுக்குப் போகும். சாகுமுன் சாட்சி வைத்து வாயால் சொன்னால்தான் மனைவிக்கு. அவர் கணவர், பெரியவர் ஒபிரி, அப்படிச் சொல்லியிருக்கிறார். கேமராவில் பதிவும் ஆகியிருக்கிறது. சாட்சியாக இருந்தவர் அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் அந்தச் சின்ன டிவிடி ஒன்றுதான். எதில் போட்டாலும் அது காலி என்றது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பதிவு முடிந்ததும், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா அந்த டிவிடித் தட்டில் எழுதி மூட வேண்டும். நடுவில் பேட்டரி போனால் அட்டவணை இருக்காது, படம் இருக்கும். என் கணினியில் போட்டு அட்டவணையை எழுதப் பார்த்தேன். எழுத முடியவில்லை என்று வந்தது. மறுபடியும் அதேதான். கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. இதே தொழில் செய்யும் எதிர்க்கடை டோங்கோர் வறுத்த வாழைக்காயை மென்றுகொண்டே வந்து நின்றான்.

"என்ன டாக்டர், நோயாளி வாயத் தொறந்தாரா?"

"தட்டே செத்துப்போச்சு. உள்ள ஒண்ணுமில்ல. கொண்டுபோய்ப் புதைச்சிருங்க," என்றேன்.

செர்வா அம்மா அழவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும், மாஸ்டர். இன்னொரு தடவ பாருங்க. அந்த வீட்ட விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல."

"பொணத்துக்கு எத்தன ஊசிதான் போடுவாரு, அத்தை?" என்றான் போவாஹென்.

அவர்கள் போன பிறகு புத்தம் புது டிவிடி ஒன்றைப் போட்டேன். அதிலும் எழுத முடியவில்லை. நோய் தட்டில் இல்லை; கணினியில் டிவிடியைப் படிக்கும் என் கருவியின் லென்ஸில் இருந்தது. நான்தான் தும்மியிருப்பேன். வேறு கருவியை மாட்டி, அட்டவணை இல்லாமலே துண்டு துண்டாகப் படித்தேன். பெரியவர் ஒபிரி தலையணையில் சாய்ந்திருந்தார்.

"வீடு செர்வாவுக்கு. என்னக் கழுவித் தொடச்சவ அவதான். அவள யாரும் கிளப்பக் கூடாது."

வழக்கப்படி செர்வா அம்மா நன்றி சொல்லி, கொடுத்ததை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மது புட்டியை முன்னால் வைத்தது வரை தெளிவாக இருந்தது. என் தொழிலில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

நல்லவனாக இருந்தால் வெளியே வந்து, கெட்டது என் கருவிதான் என்று சொல்லியிருப்பான். நானும் யோசித்தேன். டோங்கோர் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். செத்துவிட்டார் என்று டாக்டர் கைவிரித்த ஆள் எழுந்து நடந்தால், டாக்டரின் கதி என்ன? நீங்களே சொல்லுங்கள்.

அழித்து எழுதக்கூடிய வகைத் தட்டு அது. நகல் எடுக்கவில்லை. கணினியிடம் முழுவதையும் அழிக்கச் சொன்னேன். ஒரு பிழைகூட வரவில்லை. அவ்வளவு ஆரோக்கியமான தட்டு.

போவாஹென் எனக்கு எதுவும் தரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கைநீட்டி வாங்கினேன் என்று வந்தால் கடைக்கு அவமானம். செர்வா அம்மாவின் சாமான்கள் தெருவுக்கு வந்த அன்று நானும் போய் ஒரு கை கொடுத்தேன். கட்டில் நல்ல கனம்.

மாட்டிக்கொண்டதும் என் வாயால்தான். கள்ளுக்கடையில் டோங்கோர் ஆரம்பித்தான்.

"உன்னால முடியாத தட்டும் ஒண்ணு இருந்துச்சே, டாக்டர். எங்கிட்ட வந்திருந்தா எடுத்திருப்பேன்."

அந்தப் பயலா எடுப்பான்?

"நான் எடுத்தேன்டா. கிழவர் கொரலு, மொகம், மது புட்டி வரைக்கும் எடுத்தேன்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

அழித்தது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அம்மா. அந்தத் தட்டை உங்கள் ஆட்களிடம் கொடுங்கள். எந்தக் கருவியில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கட்டும். உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். நான் அதை முதல் நாளே சொல்லிவிட்டேன்.